பிரான்ஸ் கணக்கில் ஏழு நாள்

“எனது பிரசவ நாள் அக்டோபர் 1 எனக் கணிக்கப்பட்டிருப்பதால், அதற்கு இரண்டு வாரம் முன்பாக, அதாவது செப்டம்பர் 17 முதல், எனக்குப் பேறுகால விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

நான் எழுதிய கடிதத்தின் நகல் இது. ஆகஸ்ட் 22 என்று தேதியிட்டிருக்கிறேன். கையெழுத்து நிதானமாக இருக்கிறது. உள்ளே இருக்கும் இரண்டு தேதிகளும் பொய். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது, அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

என் டாக்டர் அட்டையில் எழுதிக் கொடுத்த நாள் செப்டம்பர் 24. கடைசியாக நான் தலைக்குக் குளித்த கணக்கான டிசம்பர் 18-இலிருந்து நாற்பது வாரம். ஆனால் என் நாத்தனார் பாரிஸுக்கு வெளியே ஒரு ஊரில் இருக்கிறார், என் கணவரும் அங்கேதான் வேலை பார்க்கிறார். நாத்தனாருக்கு இரண்டு பிரசவமும் அங்கே. “இங்க நாப்பத்தியொரு வாரம் கூட்டுவாங்க. உங்க ஊருல எல்லாத்துலயும் அவசரம்” என்று ஒருநாள் போனில் சொன்னார். போனை வைத்ததும் நாட்குறிப்பின் ஓரத்தில் கூட்டிப் பார்த்தேன். அக்டோபர் 1 வந்தது. ஏழு நாள் எங்கிருந்தோ கிடைத்த மாதிரி இருந்தது.

ஏன் ஏழு நாள் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் விடுப்பு எண்பத்து நான்கு நாள். அது முதலாளியின் சொந்தச் சட்டம். நாலு பேர் உள்ள இடம், வேறு சட்டம் பேச வழியில்லை. பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்பே போய்விட வேண்டும் என்பதும் அவர் சட்டம். முன்னால் போகும் ஒவ்வொரு நாளும் பின்னால் குறையும். எண்பத்து நான்கு முடிந்த மறுநாள் குழந்தை என் மாமியார் கைக்குப் போகும். காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் பால் புட்டிகள் நாலு, எனக்கு ஆறாம் மாதம் நடக்கும்போதே வந்து உட்கார்ந்துவிட்டன. “நீ ஆபீஸுக்குப் போ. புள்ளய நான் பாத்துக்கறேன். அதுக்கு உன்ன அடையாளமே தெரியப் போறதில்ல, கவலப்படாத” என்று மாமியார் சிரித்துக்கொண்டே சொன்னார். ஜூன் மாதம் சொன்னது. சிரித்தார் என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தின் வேலையைத் தெரிந்துகொண்டால்தான் நான் செய்தது விளங்கும். காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளைத் தேடி எடுத்து, மொழிபெயர்த்து, கோப்பாகக் கட்டிப் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுத் தூதரகத்துக்கு அனுப்புவோம். ஒரு காகிதத்தில் ஒரு தேதி, இன்னொன்றில் வேறு தேதி இருந்தால் கோப்பு திரும்பி வரும். ஒரு பையனின் பயணம் ஒரு வருடம் தள்ளிப்போகும். இந்த ஊர்க் குடும்பங்களில் பாதிப் பேருக்கு இரண்டு பிறந்த நாள் உண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஒன்று, பதிவேட்டில் ஒன்று. அப்படி வரும்போது அந்தப் பக்கம் எதை ஒப்புக்கொள்ளுமோ அந்தத் தேதியை மேலே வைத்து, மற்றதற்கு ஒரு விளக்கத்தாள் தைப்போம். பதினொரு வருடம் இதைச் செய்தவள் நான். தேதி என்பது நடந்த ஒரு விஷயம் என்றே எனக்குத் தோன்றுவதில்லை, எது செல்லுமோ அதுதான் தேதி. என் வயிற்றுப் பிள்ளைக்கும் பிறப்பதற்கு முன்பே இரண்டு நாளில் செல்லுபடியானதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

முதலாளியை வருபவர்கள் முசியே என்பார்கள். நாங்கள் சார் என்போம், அவர் மனைவியை மதாம் என்போம். சார் பிரான்ஸில் இருபது வருடம் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். கடிதத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அக்டோபர் ஒன்னா? மதாம் செப்டம்பர் கடைசின்னு சொன்னாளே.”

“அது இங்கத்திக் கணக்கு சார். நாப்பது வாரம். அங்க நாப்பத்தியொன்னு பாக்கறாங்க. என் நாத்தனாருக்கு அப்படித்தான் போட்டாங்க.”

அவர் முகம் மலர்ந்தது. அது மலரும் என்று எனக்குத் தெரியும். “அவன் போட்டா சரியாத்தான் இருக்கும். நம்மாளுங்களுக்கு எண்ணத் தெரியுமா? சரி, பதினேழு. ஆனா ஒன்னும்மா, படியில ஏதாச்சும் ஆச்சுன்னா நான் பதில் சொல்ல முடியாது. வர்ற சனங்களும் உங்க வயித்தத்தான் பாக்குதுங்க, காயிதத்தப் பாக்கல.”

அலுவலகம் மாடியில். இருபத்திரண்டு படி, ஒரு ஆள் அகலம், செங்குத்து. கைப்பிடிக்குப் பதில் ஒரு கயிறு.

எனக்கு எதிர் மேசையில் இருந்தவளைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. சுரக்குடியிலிருந்து வந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். நான் விடுப்பில் போனால் என் கோப்புகளை அவள்தான் பார்க்க வேண்டும். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் இரண்டு தடவை கலைந்துவிட்டது அவளுக்கு. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில், எங்கள் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே தொடங்கியது. அந்த நாற்காலியை முதலாளியின் மனைவி மறுநாளே மாற்றச் சொன்னார். அக்கறையில் அல்ல. என் மேசைக்கு அருகில் அது கிடக்கக் கூடாது என்றார். நான் அப்போது கர்ப்பமாகக்கூட இல்லை. ஆனால் சரி என்று தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 30, செவ்வாய். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, ஒன்னு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.”

“கோவம் வர்ற மாதிரி சொல்லாத.”

“உங்க டாக்டர் அட்டைய நாந்தானே ஜெராக்ஸ் எடுத்தேன். இருபத்திநாலுன்னு போட்டிருக்கு. நீங்க ஒன்னாந்தேதின்னு எழுதியிருக்கீங்க.”

“அதுக்கு?”

“சார்கிட்டச் சொல்ல மாட்டேன்க்கா. சத்தியமா. ஆனா பத்தாம் தேதியே போயிருங்கக்கா. இந்தப் படி வேண்டாம். நானும் கடைசி வரைக்கும் ஏறி எறங்கினேன். ஒன்னும் ஆவாதுன்னுதான் நெனச்சேன்.”

அவள் குரலில் வேறு எதுவும் இல்லை. இன்று எழுதும்போது எனக்கு அது கேட்கிறது. அன்று எனக்குக் கேட்டது, என் நாற்காலிக்கு ஒருத்தி ஒரு வாரம் முன்பே வர அவசரப்படுகிறாள் என்பதுதான். என் வாயிலிருந்து வந்ததை அன்று மாலையே நாட்குறிப்பில் எழுதிவிட்டேன். திருத்தாமல் தருகிறேன்:

“ஒனக்கு நிக்கலங்கறதுக்காக எனக்கும் நிக்கக் கூடாதாடி?”

அவள் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். அன்று மாலைக்குள் ஒரு திருமணப் பதிவை மொழிபெயர்த்து முடித்துக் கொடுத்தாள். அதில் ஒரு பிழை இருந்தது. சிவப்பு மையால் சுழித்து, முதலாளி மேசை வழியாகத் திருப்பி அனுப்பினேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் என் நாட்குறிப்பில் அவளைப் பற்றி மூன்று வரிகள் உள்ளன. “5, திங்கள். ஸ்கூட்டியில் வரவில்லை. பஸ். 9.25.” “6. பஸ். 9.20.” “7. பஸ். 9.30. டீ வேண்டாம் என்றாள்.” தாமதத்துக்குக் கணக்கு வைத்தேன். நான் திரும்பி வரும்போது அவள்மேல் சொல்ல ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். டீயை ஏன் குறித்தேன் என்று தெரியவில்லை. எதையும் விடாமல் குறிப்பது என் பழக்கம். இந்த ஊரின் பழைய மழைக் குறிப்பு, கப்பல் குறிப்பு, கொள்ளைநோய்க் குறிப்பு எது கிடைத்தாலும் தேடிப் படிப்பவள் நான். எழுதியவர்கள் எதை விட்டார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

“என்னம்மா, ஸ்கூட்டியை வித்துட்டியா?” என்று ஏழாம் தேதி கேட்டேன்.

“ரிப்பேரு அக்கா.”

“மூனு நாளாவா? நல்ல மெக்கானிக்குதான்.”

அவள் சிரித்தாள்.

எட்டாம் தேதி முதலாளியின் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம்தான். ஆனாலும் வளையல் விஷயத்தில் அவருக்கு எந்த வேற்றுமையும் கிடையாது. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆபீஸிலேயே எனக்கு வளையல் போட ஏற்பாடு செய்திருந்தார். பக்கத்துக் கடைப் பெண்கள் மூன்று பேர், எலுமிச்சை சாதம், புளிச் சாதம், தயிர்ச் சாதம்.

“எல்லாம் சரி. அவள என்ன செய்யறது?” என்றார் மெல்ல.

எதிர் மேசைக்காரியைச் சொன்னார். பெயர் சொல்லத் தேவைப்படவில்லை.

“இருந்தா அவளும் வளையல் போட வருவா. வராதன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? பாவம்தான். ஆனா நல்ல காரியத்துல...”

மதாம் என்னிடம் ஆலோசனைதான் கேட்டார். யோசனை என்னுடையது. புதுச்சேரியில் நேரில் ஒப்படைக்க வேண்டிய கோப்பு ஒன்று இருந்தது. அடுத்த வாரம் தபாலில் போனாலும் போதும். “நாளைக்கு அவளைப் பாண்டிக்கு அனுப்பிருங்க மதாம். காலைல போனா சாயங்காலந்தான் வருவா” என்றேன்.

“நீ புத்திசாலி” என்றார் மதாம்.

அவள் காலை ஆறு மணிக்கே பஸ் ஏறிப் போனாள். எனக்கு இரண்டு கையிலும் வளையல் நிறைந்தது. மாலை ஐந்தேகாலுக்குப் படியேறி வந்தவள் என் கைகளைப் பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த சாதப் பாத்திரங்களைப் பார்த்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. போக வர ஏழு மணி நேர பஸ், வெயில் வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

“நல்லா இருக்குக்கா. பச்சை உங்களுக்கு எடுப்பா இருக்கு” என்றாள். ஒப்புகைச் சீட்டை என் மேசையில் வைத்தாள். தயிர்ச் சாதம் கொஞ்சம் மீந்திருந்தது. மதாம் கொடுத்தார். பிறகு சாப்பிடுகிறேன் என்று மூடி வைத்தாள். சனிக்கிழமை காலை அது புளித்துப்போய் அப்படியே இருந்தது. நான்தான் கொட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை செப்டம்பர் 10. உண்மைக் கணக்கின்படி நான் வீட்டில் இருந்திருக்க வேண்டிய முதல் நாள். வேலைக்கு வந்தேன். ஞாயிறு விடுமுறை. திங்கள் வந்தேன். செவ்வாய் வந்தேன். ஒவ்வொரு நாள் இரவும் ஒரு நாள் மிச்சம் என்று எழுதினேன்.

செப்டம்பர் 14, புதன். திருச்சிலுவைத் திருநாள் என்று முதலாளியும் மதாமும் காலையிலேயே பூசைக்குப் போய்விட்டார்கள். அலுவலகத்தில் நானும் அவளும் மட்டும். பதினொன்று பத்துக்கு என் நாற்காலி நனைந்தது. முதலில் தண்ணீர்ப் பாட்டில் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்து அவளைத்தான் திட்டினேன். அவள் எழுந்து வந்து பார்த்தாள். ஒரு நொடி அசையவில்லை. பிறகு கீழே ஓடி ஆட்டோவை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்தாள்.

படி ஒரு ஆள் அகலம் என்றேன். பக்கத்தில் நின்று பிடிக்க முடியாது. அவள் எனக்கு முன்னால், ஒரு படி கீழே, என் பக்கம் முகம் வைத்துப் பின்புறமாக இறங்கினாள். என் இரண்டு கையையும் அவள் தோளில் போட்டுக்கொண்டு, என் எடையை நெஞ்சிலும் வயிற்றிலும் தாங்கினாள். நான் எழுபத்தொரு கிலோ. அவள் நாற்பத்தைந்து இருந்தால் அதிகம். படி என்னால் ஈரமாகியிருந்தது. பாதியில் அவள் நின்றாள். ஒரு கையை எடுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

நான் கத்தினேன். “என்னடி நிக்கிற? எனக்கு வலிக்குதா, ஒனக்கு வலிக்குதா?”

“ஒன்னுமில்லக்கா. கால் வழுக்குது. நீங்க எறங்குங்க.”

இறங்கினோம்.

மாலை நாலு முப்பத்தைந்துக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு. குறையொன்றும் இல்லை. அதுவரை அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு நர்ஸ் சொன்னார். குழந்தையை வெளியே கொண்டுவந்து காட்டும் நேரத்தில் என் மாமியார் அவளிடம் பேசியது உள்ளே எனக்குக் கேட்டது.

“நீ கெளம்பும்மா. காலைலேருந்து இருக்க. வீட்டுல தேடுவாங்கல்ல.”

“புள்ளைய ஒரு தடவ பாத்துட்டுப் போறேம்மா.”

“இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம். புள்ள எங்க போவப்போவுது?”

செருப்புச் சத்தம் தூரம் போனது. மாமியார்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மாதம் முழுவதும் நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே நேரம் அதுதான்.

எனக்கு எண்பத்து நான்கு நாளும் முழுதாகக் கிடைத்தன. செப்டம்பர் 14 அன்று எனக்கு முழு நாள் வருகை போட்டிருந்தது. வருகைப் பதிவேடு அவள் பொறுப்பு. அரை நாள்கூடக் குறைக்கவில்லை. அதனால் விடுப்பு 15-இல் தொடங்கி டிசம்பர் 7-இல் முடிந்தது. உண்மைத் தேதியைக் கொடுத்திருந்தால் பத்தாம் தேதியே தொடங்கியிருக்கும். என் பொய்யால் எனக்கு மிஞ்சியது ஐந்து நாள், ஞாயிறும் சேர்த்து.

டிசம்பர் 8 அன்று குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் போன் செய்து கேட்டேன். புட்டியைக் கொடுத்ததும் குடித்துவிட்டதாம். அழவில்லையாம்.

எதிர் மேசை காலியாக இருந்தது. நவம்பர் 30-இல் அவள் நின்றுவிட்டாள். என் கோப்புகள் தேதி வரிசையில், ஒரு தாள் பிசகாமல், கயிறு கட்டி இருந்தன.

“அந்தப் பொண்ணு சரிப்படலம்மா” என்றார் முதலாளி. “நீங்க போன மறு வாரமே ஒன்பது நாள் ஆளக் காணும். போன் போட்டா புருஷன்காரன் எடுத்து ஒடம்பு சரியில்லங்கறான். உங்க அளவுக்குப் பொறுப்பு யாருக்கு வரும்? கடைசி நாள் வரைக்கும் வந்தீங்களே.”

பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். செப்டம்பர் 19 திங்கள் முதல் 28 புதன் வரை. ஒன்பது வேலை நாள். காரணம் எழுதும் கட்டம் காலி. சோம்பேறி என்று நினைத்துப் பக்கத்தை மூடினேன். மூன்று தாமதங்களை இனிச் சொல்ல வேண்டியதில்லை என்பதில் சின்ன ஏமாற்றம்கூட இருந்தது.

போன வருடம் சுரக்குடியிலிருந்து ஒரு அம்மாள் வந்தார், கணவரின் இறப்புப் பதிவுக்கு. அவளுடைய பக்கத்து வீடாம். காகிதங்களைப் பார்த்து முடிக்கும் வரை பேசிக்கொண்டே இருந்தார்.

“ஒங்க ஆபீஸுலதானே அந்தப் புள்ள வேலை பாத்துச்சு? பாவம், மூனாவதும் தங்கலயே.”

“எப்பங்க?”

“அது இருக்கும் ரெண்டு மூனு வருஷம். புரட்டாசி மொத நாளு. வெரதம்னு குனிஞ்சு நிமிந்து வீட்டக் கழுவுச்சு. மாமியாக்காரி பாத்துக்கிட்டேதான் நின்னா. அன்னைக்கு ராத்திரியே போயிருச்சு. ரெண்டு மாசந்தான், வெளில சொல்லக்கூட இல்ல. நின்னப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்துச்சாம். யாரையோ மாடிலேருந்து தூக்கிட்டு எறங்குனாளாம், அதனாலதான்னு மாமியாக்காரி சொல்றா. தன் தப்ப மறைக்கச் சொல்றாளோ என்னமோ.”

“எந்த வருஷம்னு நல்லா ஞாபகம் இருக்குங்களா?”

“என்னாங்க, என் புருஷன் செத்த தேதியே நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுது. என்னயப் போயிக் கேக்கறீங்களே” என்று சிரித்தார்.

அவர் போன பிறகு பழைய நாட்குறிப்பையும் நாட்காட்டியையும் எடுத்தேன். என் மகள் பிறந்த வருடம் புரட்டாசி முதல் நாள் செப்டம்பர் 18, ஞாயிறு. மறுநாள் திங்களில் தொடங்குகிறது அந்த ஒன்பது நாள். ஸ்கூட்டியை விட்டு பஸ்ஸில் வரத் தொடங்கியது 5-ஆம் தேதி. பாண்டி போய் வந்தது 9. படி 14. வீடு கழுவியது 18. இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம், எதுவுமே இல்லாமல் தானாகவும் போயிருக்கலாம். முதல் இரண்டும் அப்படித்தான் போயின. அந்த அம்மாள் வருடத்தை மாற்றிச் சொல்லியிருக்கவும் வழி உண்டு.

காகிதத்தில் தேட முடியாது. பிறந்தவர்களுக்கும் மணந்தவர்களுக்கும் செத்தவர்களுக்கும்தான் எங்களிடம் பதிவு உண்டு. அவளிடம் கேட்கலாம். சுரக்குடி ஒன்றும் தூரமில்லை. இந்த ஒரு வருடத்தில் இரண்டு தடவை திருநள்ளாறு வரை போய், அங்கிருந்து திரும்பியிருக்கிறேன். என் மகளை இன்றுவரை அவள் பார்த்ததில்லை.

செப்டம்பர் 14 அன்று, அந்தப் படியின் பாதியில் நின்று சுவரைப் பிடித்தபோது, அவள் கர்ப்பமாக இருந்தாளா என்பது உறுதி செய்யப்படவில்லை.